புற்றுநோய்க்கு மாற்று மருத்துவம் மட்டும் போதும் என்று முடிவெடுக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஆலோசனை சொல்லும் வேலையில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்து, கையில் ஃபைலோடு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பவர்களிடம் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. "நாட்டு மருந்து பார்க்கலாம்னு இருக்கோம், நீங்க என்ன சொல்றீங்க?" என்று வாரத்துக்கு நாலு குடும்பமாவது கேட்கும். அந்த மருந்து வேலை செய்யுமா என்பது கேள்வியின் ஒரு பாதிதான். யார் முடிவெடுப்பது, யாரிடம் எதைச் சொல்வது, தப்பாகப் போனால் யார் பொறுப்பு என்பதெல்லாம் மீதிப் பாதி. அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

டாக்டர் சொல்லும் சிகிச்சையை வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. 18 வயது நிரம்பி, சுயநினைவோடு, விஷயம் புரிந்த ஒருவர் "எனக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்றால் அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மறுத்தால் உயிர் போகலாம் என்று தெரிந்தே மறுத்தாலும் அப்படித்தான். கண்ணியத்தோடு இறக்கும் உரிமை பற்றி 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கொடுத்த தீர்ப்பும் இதை ஒப்புக்கொள்கிறது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2008 ஜனவரியில் அதே நீதிமன்றம் தீர்த்த ஒரு டெல்லி வழக்கு. 44 வயதுப் பெண் ஒருவர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து ஏதும் இல்லாதபோது, பெற்ற தாயே ஆனாலும் அவர் சொன்ன சம்மதம் மகளின் சம்மதம் ஆகாது என்றது நீதிமன்றம். நம் ஊரில் இதைச் சுவரில் எழுதி மாட்ட வேண்டும். ஏனென்றால் இங்கே சம்மதிப்பதும் மறுப்பதும் பெரும்பாலும் வெளியே காத்திருப்பவர்கள்தான்.

உரிமை இருக்கிறதென்றால் அதோடு விஷயம் முடிந்ததே, இதில் நெறிமுறைச் சிக்கல் எங்கே வருகிறது?

என் அத்தை கதையைச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அப்போது அவருக்கு 52 வயது. இடது மார்பில் புளியங்கொட்டை அளவு கட்டி. சதை டெஸ்ட் எடுத்து, இரண்டாவது ஸ்டேஜ் என்று வந்தது. முதலில் பார்த்த மருத்துவமனையில் டாக்டர் நின்றபடியே அவர் மகனிடம், "எடுத்துடணும், அப்புறம் கீமோ, அப்புறம் கரண்ட்" (கதிர்வீச்சு சிகிச்சையை அப்படித்தான் சொல்வார்கள்) என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். மகன் பயந்துபோனான். யாரோ ஒரு வைத்தியரின் பெயர் சொன்னார்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கருஞ்சிவப்பாக ஒரு பொடி. 48 நாள், ஒரு மண்டலம், அதற்கு 18,000 ரூபாய். புளி, கத்திரிக்காய், கருவாடு எதுவும் கூடாது. ஒரு மண்டலம் முடிந்ததும் "கட்டி பழுத்து வருது, நல்ல அறிகுறி" என்று அடுத்த மண்டலம். இப்படியே ஏழு மாதம் ஓடியது.

எனக்கு விஷயம் தெரிந்து நான் போனபோது கட்டி எலுமிச்சம்பழம் அளவு. மேலே தோல் உடைந்து நீர் கசிந்தது. வாடை தெரியக் கூடாது என்று அத்தை மார்பின் மேல் பழைய துண்டு ஒன்றை மடித்து வைத்து அழுத்திக்கொண்டே பேசினார். "ஆபரேஷனுக்கு ஏன் அத்தை பயந்தீங்க?" என்று கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நான் எங்க தாயி பயந்தேன்? எனக்கு என்னன்னே யாரும் சொல்லலையே. கட்டி கரையிற மருந்துன்னு குடுத்தாங்க, குடிச்சேன்."

ஊரெல்லாம் "அவங்க நாட்டு மருந்தைத் தேர்ந்தெடுத்துட்டாங்க" என்று பேசிக்கொண்டது. அத்தை எதையுமே தேர்ந்தெடுக்கவில்லை. நோயின் பெயர் தெரியாது, ஆபரேஷன் செய்தால் பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்று தெரியாது, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியாது. தெரியாமல் குடித்த மருந்தை அவருடைய முடிவு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அதனால் "நோயாளி மறுக்கிறார்" என்று யார் வந்து சொன்னாலும், "அவரிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள்?" என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.

மாற்று மருத்துவம் மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் எவ்வளவு நாள் வாழ்ந்தார்கள் என்று யாராவது கணக்கெடுத்திருக்கிறார்களா?

எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. மார்பு, பெருங்குடல், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய்கள், அதுவும் உடம்பின் வேறு பாகங்களுக்குப் பரவாத நிலையில் இருந்தவர்கள். மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்ட 281 பேரை, அதே மாதிரி நோயோடு வழக்கமான சிகிச்சை எடுத்த 560 பேரோடு ஒப்பிட்டார்கள். மார்பகப் புற்றுநோயில் 5 வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 100-க்கு 87 பேர், மாற்று மருத்துவத்தில் 58 பேர். பெருங்குடலில் 79 பேர், 33 பேர். புராஸ்டேட்டில் மட்டும் அந்தக் கால அளவுக்குள் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது பலருக்கு மெதுவாக வளரும் நோய்.

மாற்று மருத்துவத்துக்குப் போனவர்கள் மற்றவர்களைவிட வயது குறைந்தவர்கள், வசதியும் படிப்பும் கூடியவர்கள், வேறு நோய் குறைவாக உள்ளவர்கள். நியாயமாகப் பார்த்தால் அவர்கள்தான் அதிக நாள் வாழ்ந்திருக்க வேண்டும். "படிக்காதவங்கதான் ஏமாறுவாங்க" என்ற பேச்சு எவ்வளவு தப்பு என்பதும் இதில் தெரிகிறது. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003 அக்டோபரில் கணையத்தில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. கணையக் கட்டிகளில் அது ஓரளவு மெதுவாக வளரும் அபூர்வ வகை. உணவுக் கட்டுப்பாடும் மாற்று மருத்துவமுமாக ஒன்பது மாதம் தள்ளிப்போட்டு 2004 ஜூலையில்தான் ஆபரேஷன் செய்துகொண்டார். 2011-ல் இறந்தார். முன்பே செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உலகத்தின் எந்த டாக்டரையும் கூப்பிடக்கூடிய வசதி உள்ளவரே பயத்தில் தள்ளிப்போட்டிருக்கிறார் என்பதை, தள்ளிப்போட்டுவிட்டுக் குற்றவுணர்ச்சியோடு வந்து உட்காருகிறவர்களிடம் நான் சொல்வதுண்டு.

ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர் நாட்டு மருந்திலேயே குணமானாரே?

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று விஷயம் மட்டும் கேட்டுப் பாருங்கள். சதை டெஸ்ட் எடுத்து அது புற்றுநோய்தான் என்று உறுதியானதா? மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை. நாட்டு மருந்துக்கு முன்னாலோ கூடவோ ஆபரேஷன், கீமோ ஏதாவது நடந்ததா? கடைசியாக, குணமானதை ஸ்கேன் சொன்னதா, வைத்தியர் சொன்னாரா?

இரண்டாவது கேள்விக்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, நான்காவது ஸ்டேஜில் இருந்த தன் மனைவி எலுமிச்சை, மஞ்சள், வேப்பிலை, நேரம் பார்த்துச் சாப்பிடுவது என்று உணவு முறையால் மீண்டதாகப் பேசினார். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் பணிபுரிகிற, பணிபுரிந்த 262 புற்றுநோய் மருத்துவர்கள் கையெழுத்திட்டு மறுப்பு வெளியிட்டார்கள். அந்த அம்மாவுக்கு ஆபரேஷனும் கீமோவும் நடந்திருந்தன. சித்துவும் பிறகு, டாக்டர்களின் ஆலோசனையோடு சேர்த்துத்தான் அந்த உணவு முறையைப் பின்பற்றினோம் என்று விளக்கம் கொடுத்தார். விளக்கம் வருவதற்குள் முதல் வீடியோ எத்தனையோ வீட்டு அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்படிப் பேசுவது சித்த மருத்துவத்தை இழிவுபடுத்துவது ஆகாதா?

ஆகாது. ஆகக் கூடாது என்பதில் எனக்குக் கவனம் உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஐந்தரை வருஷம் படித்து பி.எஸ்.எம்.எஸ். பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த சித்த மருத்துவர் ஒருவர், மார்பில் கட்டியோடு வருகிறவர்களை அன்றைக்கே எங்களிடம் அனுப்பிவிடுவார். "ஆபரேஷன் முடிஞ்சு வாங்கம்மா, பசி எடுக்கவும் உடம்பு தேறவும் நான் பாக்குறேன்" என்பார். சிக்கல் அவரிடம் இல்லை. பட்டமும் பதிவும் இல்லாமல், எதைக் கலந்தார் என்றும் சொல்லாமல், "கத்தியே இல்லாமல் கரைக்கிறேன்" என்று முன்பணம் வாங்குகிறவரிடம் இருக்கிறது.

மூலிகைக்குச் சக்தி இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. நித்தியகல்யாணியைப் பார்த்திருப்பீர்கள். சுடுகாட்டு மல்லி என்பார்களே, வேலியோரம் யாரும் நடாமலே பூக்குமே, அதுதான். 1950-களில் கனடாவில் அதைச் சர்க்கரை நோய்க்காகச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்தத் தடத்தைப் பிடித்துப் போனதில் கிடைத்தவைதான் வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் வின்கிரிஸ்டின் இன்றும் முதல் வரிசை மருந்து. அதில் ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். பெரியவர்களுக்கே ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் போடுவதில்லை. நரம்பில் ஏற்ற வேண்டியதைத் தவறிப்போய்த் தண்டுவடத்தில் ஏற்றினால் உயிர் போகும். இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடிப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

நம் நூல்களில் வெள்ளைப் பாஷாணம் என்று வருவதும் அப்படித்தான். அது ஆர்சனிக் ட்ரையாக்சைடு. சீனாவில் ஹார்பின் நகரத்து மருத்துவர்கள் 1970-களில் அதைச் சுத்தப்படுத்தி, அளவு கண்டு, நோயாளிகளிடம் சோதித்தார்கள். இன்று ஒரு குறிப்பிட்ட வகை ரத்தப் புற்றுநோய்க்கு அது உலகம் முழுக்கக் கொடுக்கப்படுகிறது. பாரம்பரியத்தில் இருந்து வந்ததால் யாரும் அதைத் தள்ளவில்லை. சோதித்தார்கள், தேறியது, எடுத்துக்கொண்டார்கள். சோதித்தும் தேறாதவையும் உண்டு. வாட்ஸ்அப்பில் "வைட்டமின் பி17" என்று ஆப்ரிகாட் கொட்டை பற்றி வருகிறதே, அதன் லேட்ரைல் என்ற மருந்தை 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1982-லேயே முடிவை வெளியிட்டுவிட்டார்கள். ஒருவரும் குணமாகவில்லை. சிலருடைய ரத்தத்தில் சயனைடு ஏறியிருந்தது.

கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. சதை டெஸ்டும் ஆபரேஷனும் பொதுவாக நோயைப் பரப்புவதில்லை. சில வகைக் கட்டிகளில் ஊசி குத்தும் இடத்தை டாக்டர்கள் யோசித்துத் தேர்ந்தெடுப்பார்கள், அவ்வளவுதான். பயத்தில் தள்ளிப்போட்டு, முற்றிய பிறகு ஆபரேஷன் செய்துகொண்டு, சில மாதத்தில் இறந்தவர்களை ஊர் பார்த்திருக்கிறது. கத்திதான் காரணம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

கீமோவோடு சேர்த்து நாட்டு மருந்தும் எடுத்துக்கொள்ளலாமா? டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரே?

"சேர்த்து" என்பதும் "பதிலாக" என்பதும் வேறு வேறு. யோகா, மூச்சுப் பயிற்சி, பிரார்த்தனை, பாட்டு, நல்ல சாப்பாடு எல்லாம் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியவை. யோகா களைப்பையும் தூக்கமின்மையையும் குறைக்கிறது என்று நல்ல ஆய்வுகளே இருக்கின்றன. உள்ளுக்குக் குடிப்பதும் விழுங்குவதும்தான் கவலை. கீமோ மருந்துகளை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். அதே நேரத்தில் அவற்றைத் தொந்தரவு செய்யும் ஏதோ ஒன்று உள்ளே போனால், கீமோ தேவைக்கு மேல் தங்கி விஷமாகலாம், அல்லது வேலை செய்யாமலே போகலாம். இயற்கையானது கெடுதல் செய்யாது என்பது சரியில்லை. கோவிட் காலத்தில் சீந்தில் கொடியை மாதக்கணக்கில் எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் கெட்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஒன்றாவது இருந்தது. அந்த ஆய்வு 2004-ல் வந்தது.

டாக்டர் திட்டுவார் என்பதை நான் மறுக்கமாட்டேன். திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படித் திட்டுவது நெறிமுறைத் தவறு என்றே சொல்வேன். ஒருமுறை திட்டு வாங்கிய நோயாளி அடுத்த முறை வாயைத் திறக்கமாட்டார். மறைத்துக் குடிப்பார். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் ஏறும். காரணம் தெரியாமல் டாக்டர் கீமோவின் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். நஷ்டம் நோயாளிக்கு. எங்கள் பிரிவில் நர்ஸ் ஒருவர் கேட்கும் விதம் எனக்குப் பிடிக்கும்: "வீட்ல அம்மா வேற என்ன மருந்து தர்றாங்க? எல்லார் வீட்லயும் ஏதாவது தருவாங்க, சொல்லுங்க." இப்படிக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்லிவிடுவார்கள்.

அம்மாவிடம் புற்றுநோய் என்று சொல்லவே இல்லை. தாங்கமாட்டார். இது தப்பா?

அன்பினால் செய்கிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் தப்பில்தான் முடிகிறது என்பது என் அனுபவம்.

நோய் தெரியாத அம்மாவுக்கு முடி கொட்டுவதும் வாந்தி எடுப்பதும் ஏன் என்று புரியாது. "ஒரு சாதாரணக் கட்டிக்கு இவ்வளவு கஷ்டமா?" என்று இரண்டாவது கீமோவிலேயே வேண்டாம் என்பார். அப்போது "பக்கவிளைவே இல்லாத மருந்து" என்று யாராவது வந்தால் அந்தப் பக்கம் சாய்வது இயற்கை. மறைத்ததுதான் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. அப்புறம், பெரும்பாலானவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைப் பார்த்தாலே தெரியுமே. பிள்ளைகள் வருந்துவார்கள் என்று அவரும் தெரியாத மாதிரி இருப்பார். இரண்டு பக்கமும் நடித்துக்கொண்டு, கடைசி நாட்களில் பேச வேண்டியதைப் பேசாமலே போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு உடைக்க வேண்டியதில்லை. "டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு, உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?" என்று நோயாளியிடமே கேட்கலாம். சிலர், "என் மகன்கிட்ட சொல்லுங்க, அவன் பார்த்துப்பான்" என்பார்கள். அது அவருடைய முடிவு, மதிக்கலாம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறை விதிகள், நோயின் தீவிரத்தைக் கூட்டியும் சொல்லக் கூடாது குறைத்தும் சொல்லக் கூடாது என்றுதான் மருத்துவருக்குச் சொல்கின்றன. அதையே வீட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

நோயாளி எல்லாம் புரிந்துகொண்டு, அப்படியும் மறுக்கிறார். டாக்டர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் காரணம் கேட்க வேண்டும். "நாட்டு மருந்து பார்க்கிறேன்" என்பது பல நேரம் வேறொன்றின் மேல்மூடி. மார்பை எடுத்துவிட்டால் கணவர் என்ன நினைப்பாரோ என்ற பயம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோவுக்கு வந்தால் கூலி போய்விடும் என்ற கணக்கு. பக்கத்து வீட்டு அக்கா கீமோவில் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தது. காரணம் தெரிந்தால் பாதிக்கு வழி உண்டு. மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷன் பலருக்குச் சாத்தியம். வாந்திக்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன.

அதற்கும் மேல் மறுத்தால் மதிக்க வேண்டும். ஆனால் "சொந்த விருப்பத்தில் போகிறேன்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, "இனி இங்கே வராதீங்க" என்று அனுப்புவது மதிப்பது ஆகாது. அது தண்டனை. "சரி, உங்க முடிவு. ஆனா ஆறு வாரத்துல ஒரு ஸ்கேன் மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க, கட்டி சுருங்குதா வளருதா பார்ப்போம்" என்று தேதி எழுதிக் கொடுக்கும் டாக்டர்களை நான் கும்பிடுவேன். வைத்தியர் சொல்வது உண்மையா என்று நோயாளியே பார்த்துத் தெரிந்துகொள்ள அது ஒரு வழி. என் அத்தைக்கு அப்படி ஒரு தேதி கொடுத்திருந்தால் ஏழு மாதம் ஓடியிருக்காது.

குழந்தைக்கு நோய் என்றால் பெற்றோர் இப்படி முடிவெடுக்கலாமா?

இங்கே என் பதில் மாறுகிறது. பெரியவர் தன் உயிரைப் பற்றி முடிவெடுக்கிறார். குழந்தையின் உயிர் பெற்றோரிடம் கொடுத்துவைத்த பொருள், அவர்களுடைய சொத்து இல்லை. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய், 1950-களில் வந்தால் சில மாதத்தில் சாவு என்ற நோய். இன்று வசதியான நாடுகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். அவ்வளவு வாய்ப்பு உள்ள சிகிச்சையைப் பெற்றோர் மறுத்தால் குழந்தைகள் நலக் குழுவை அணுகலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

ஆனால் கட்டாயம் மட்டும் போதுமா என்பது எளிதான கேள்வி இல்லை. 2009-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில், நன்றாகக் குணமாகக்கூடிய ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்த 13 வயதுப் பையனுக்குக் கீமோ தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. தாய் பையனோடு தலைமறைவானார், சில நாளில் திரும்பி வந்தார், சிகிச்சை நடந்து முடிந்தது. 2014-ல் கனடாவின் ஒன்டாரியோவில், ரத்தப் புற்றுநோய் வந்த பழங்குடிச் சிறுமி ஒருத்தியின் கீமோவை அவள் தாய் நிறுத்திவிட்டார். பாரம்பரிய மருத்துவம் அந்த மக்களின் உரிமை என்று சொல்லி, கட்டாயப்படுத்த நீதிபதி மறுத்தார். அடுத்த வருஷம் நோய் திரும்பியதும் அந்தக் குடும்பம் கீமோவுக்கு வந்தது, தங்கள் மருத்துவத்தையும் கூடவே வைத்துக்கொண்டது. குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று தீர்ப்பிலும் பிறகு விளக்கம் சேர்க்கப்பட்டது. ஆனால் அதே காலத்தில் அதே மருத்துவமனையில் கீமோவை நிறுத்திவிட்டுப் போன இன்னொரு பழங்குடிச் சிறுமி 2015 ஜனவரியில் இறந்துபோனாள்.

புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது சட்டப்படி சரியா?

சரியில்லை. மாயத் தீர்வு விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் புற்றுநோய் இருக்கிறது. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, மறுபடி செய்தால் ஒரு வருஷம் வரை. மருந்து விதிகளில் 'ஜே' அட்டவணை என்று, குணமாக்குவதாகச் சொல்லக் கூடாத நோய்களின் பட்டியல் இருக்கிறது. அதிலும் புற்றுநோய் உண்டு. அலோபதியோ சித்தாவோ, எந்த முறையென்று சட்டம் பார்ப்பதில்லை. 2024-ல் பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகப் பேசியதும், நிறுவனம் செய்தித்தாள்களில் மன்னிப்புக் கேட்டு விளம்பரம் கொடுத்ததும் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் புகார் கொடுக்க சென்னை அரும்பாக்கத்தில் இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை இருக்கிறது. ரசீது, பாட்டில், விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். ரசீதே தராதவர் என்றால் அதுவே ஒரு பதில்.

வாட்ஸ்அப்பில் வந்ததை அனுப்பினேன், நல்லெண்ணத்தில்தான். அதிலுமா தப்பு?

"முள் சீத்தாப்பழம் கீமோவைவிட பத்தாயிரம் மடங்கு சக்தி வாய்ந்தது" என்ற தகவல் எனக்கே நூறு முறை வந்திருக்கும். சோதனைக் குழாயில் செல்களைக் கொன்றதை மனித உடம்பில் குணமாக்கியதாக மாற்றிச் சொல்கிறது அது. சோதனைக் குழாயில் உப்புத் தண்ணீர்கூட செல்களைக் கொல்லும். அனுப்பியவர் மறந்துவிடுவார். ஆபரேஷன் தேதி குறித்த வீட்டில் இருப்பவர் அதைப் பத்து முறை படிப்பார். சொல்ல ஒன்றும் தோன்றவில்லையென்றால் "நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். கீமோ போடும் நாள் காலை ஆறு மணிக்கு வண்டியோடு வந்து நிற்கிறவர்தான் உண்மையில் உதவி செய்கிறவர்.

செலவுக்குப் பயந்துதான் நாட்டு மருந்துக்குப் போனோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தை வீட்டில் ஏழு மாதத்தில் போன பணம் எழுபதாயிரத்துக்கு மேல். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வருமான வரம்பு உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சை அதில் அடக்கம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு நிறுவனம் இருக்கிறது. தன் தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்தபின் வந்த வைராக்கியம் அது. புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்குத் தெல்லிப்பளைப் புற்றுநோய் மருத்துவமனை. இந்தப் பெயர்களை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுக்காதது எங்கள் பக்கத்துத் தவறு.

இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போதாவது நாட்டு மருந்து கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பெரும் பணம் போகாமல், நோயாளிக்குத் துன்பம் கூடாமல் இருந்தால். குணமாகும் வாய்ப்பைக் கைவிட்டுப் போவதும் இதுவும் ஒன்றில்லை. அவர் கேட்கும் கஷாயத்தையோ கோயில் தீர்த்தத்தையோ தடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஆனால் நாக்குக்குப் பிடித்த மீன்குழம்பைப் பத்தியம் என்று கடைசி மாதத்தில் பறிக்காதீர்கள்.

"ஒன்றும் செய்ய முடியாது" என்பதும் உண்மை இல்லை. வலியைக் குறைக்க முடியும். மார்ஃபின் என்றதும் பயப்படுகிறார்கள். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால், வலியில் புரண்டவர் எழுந்து உட்கார்ந்து பேரனோடு பேசுவார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மாதக்கணக்கில் போய்விட்டுத் திரும்ப வருகிறவர்களை எப்படி எதிர்கொள்வது?

"ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வந்தீங்க?" என்று கேட்காமல். அந்தக் கேள்வியை அவர் தனக்குள் ஆயிரம் முறை கேட்டிருப்பார்.

வரும்போது பழைய ரிப்போர்ட், ஸ்கேன், சதை டெஸ்டின் பிளாக் (எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த துண்டு) எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். குடித்த மருந்தையும் மறைக்காமல் கொண்டு வாருங்கள். அத்தையை வேறொரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போன அன்று, மஞ்சப்பையில் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலையும் போட்டுக்கொண்டேன். வெளியே எடுக்காதே என்று மகன் கண்ணைக் காட்டினான். அத்தையே எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டார். அந்த டாக்டர் அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். கொஞ்சத்தைத் தாளில் கொட்டிப் பார்த்தார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை அத்தை பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதினார். "நேத்து ராத்திரி" என்றார் அத்தை. "சரி, இன்னையிலிருந்து நிறுத்திடுவோம். ரத்தம் எடுத்துக் கல்லீரல் பார்த்துட்டு, முதல்ல கீமோ போட்டுக் கட்டியைச் சுருக்குவோம். உங்களுக்கு என்ன நோய்னு யாராவது சொன்னாங்களாம்மா?"

அத்தை மகனைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் டாக்டரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றார்.